வெள்ளைப் பள்ளத்து விளிம்பில்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. காலைப் பூசை முடிந்த கையோடு இராயபுரத்திலிருந்து இரண்டு வண்டிகளில் மூன்று பேர் கிளம்பினார்கள். முன் வண்டியில் பென்னியும் அவன் மனைவி ரெஜினாவும். பின்னால் மஹீன். திருவொற்றியூரைத் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் பெருமாள் தேர் மாதிரி அசையாமல் நின்றன. அவற்றின் இடுக்கில் புகுந்து புறப்பட்டு, எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கம் திரும்பியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ரெஜினாவின் மடியில் இட்லி டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் பென்னியின் மாத்திரைகளும் இருந்தன.

பென்னி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். போன வருஷம் கிரேன் கூண்டுக்குள்ளேயே அவனுக்கு மார்பு வலி வந்தது. கீழே நின்று சைகை காட்டிக்கொண்டிருந்த மஹீன்தான் ஏணியில் ஏறிப் போய், அவனைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி இறக்கிக்கொண்டு வந்தான். இதயத்தின் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், “நடங்க, நடந்துகிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டார். உயிர் பயத்தில் நடக்கத் தொடங்கியவனுக்கு நடையே பைத்தியமாகிவிட்டது. மெரினா போதவில்லை. பழவேற்காட்டு மணல்மேடு, ஆந்திர எல்லை மலைகள் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஓர் இடம். அவனைத் தனியாக விட மனமில்லாமல் ரெஜினாவும் கூடவே நடந்தாள். எப்போதும் அவனுக்குப் பின்னால்தான் நடப்பாள். அவன் முதுகையும், மூச்சு வாங்கும் சத்தத்தையும் கவனித்துக்கொண்டே.

இந்த இடத்தைப் பென்னி யாரோ போட்ட வீடியோவில் பார்த்திருந்தான். பழைய ஆலை ஒன்று பல வருஷம் கொட்டிய நிலக்கரிச் சாம்பல், கழிமுகத்தை ஒட்டி ஒரு மலை அளவுக்குக் குவிந்து இறுகிப்போயிருந்தது. ஆலையை மூடிய பிறகு, செங்கல் அறுக்கிறவர்கள் லாரி லாரியாக அதை நடுவிலிருந்து வெட்டி எடுத்தார்கள். ஒரு நாள் அவர்களும் நிறுத்திவிட்டார்கள். வெட்டிய பள்ளத்தை மழை தன் பங்குக்கு அறுத்தது. இப்போது அது செங்குத்தான சுவர்களும் வளைந்து வளைந்து ஓடும் இடுக்குகளும் கொண்ட ஒரு பள்ளத்தாக்கு. சுற்றுவட்டாரத்தில் அதற்கு வெள்ளைப் பள்ளம் என்று பேர். அதன் விளிம்பிலேயே ஒற்றையடிப் பாதை ஒன்று போகிறது.

கரைக்குக் கீழே வண்டிகளை நிறுத்தியபோது, இடுப்பு வரை சேறோடு ஒரு பெண் ஓடையிலிருந்து ஏறி வந்தாள். பிடித்த இறாலைப் போடும் பறிக்கூடை அவள் கழுத்தில் தொங்கியது. பேர் மங்கை என்று, ரெஜினா தண்ணீர் நீட்டியபோது அவளே சொன்னாள்.

“இன்னாமா, மேல நடக்கவா போறீங்கோ?”

“ஆமாக்கா. சும்மா சுத்திப் பாக்கலாம்னு.”

“பாருங்க. பாக்கறதுக்கு இன்னா, சோக்காத்தான் கீது.” பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தவள் மேலே ஒரு முறை பார்த்தாள். “காத்து கெளம்பிச்சுனா மட்டும் அப்டியே குந்திக்குங்க. ஒரு அடி நவுராதீங்க. எவன் கூப்ட்டாலும் எய்ந்துக்காதீங்க.”

மஹீன் சிரித்தான். “அங்க யாருக்கா கீறாங்க, எங்களக் கூப்டறதுக்கு?”

மங்கை சிரிக்கவில்லை. “அது எனக்கு இன்னா தெரியும் நைனா? குந்துனவன் திரும்பி வந்துகீறான். அவ்ளோதான் தெரியும்.”

பறியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அவள் குப்பத்துப் பக்கம் நடந்தாள்.

மேலே ஏறியதும் பென்னி வாயடைத்து நின்றுவிட்டான். இடது கைப் பக்கம் கழிமுகம், அலையாத்திப் பச்சை, அதற்கப்பால் புகைபோக்கிகள், துறைமுகக் கிரேன்கள், கடல். எல்லாம் தெரிந்த உலகம். வலது கைப் பக்கம் எதுவுமே தெரிந்த உலகமாக இல்லை. காலடியிலிருந்து வெள்ளைச் சுவர் அப்படியே இறங்கியது. கருஞ்சாம்பல், வெளிர்சாம்பல், மஞ்சள் பூத்த வெள்ளை என்று அடுக்கடுக்காகக் கோடு போட்டிருந்தது. அடிவாரம் ஆற்றுப் படுகைபோல நெளிந்து போய், ஒரு வளைவில் நிழலுக்குள் மறைந்தது. ஒரு புல் இல்லை. ஒரு காக்கை இல்லை. சுண்ணாம்பு நனைந்த வாசனையோடு ஏதோ பழைய தீயின் வாசனை. தலைக்கு மேல் உயர் அழுத்தக் கம்பிகள் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருந்தன.

“பாத்தியா ரெஜி? நம்மூர்லயே பாலைவனம். எவனோ ராஜஸ்தான் போறானாம்.”

“ஓரமாப் போவாத பா.”

“பாதையே ஓரந்தான். வேற எங்க போவ?”

மேற்கிலிருந்து சூடான காற்று மெல்ல வீசியது. பாதையில் சாம்பல் மாவுபோல மிருதுவாக இருந்தது. மிதித்தால் கணுக்கால் வரை மெல்லிய சரசரப்போடு வாங்கிக்கொண்டது. மஹீன் முன்னும் பின்னும் ஓடிப் போட்டோ எடுத்தான். பென்னி குழந்தைபோல நடந்தான். அவன் மூச்சு நன்றாக இருந்தது. அதைக் கேட்கக் கேட்க ரெஜினாவின் மனசும் இளகியது. வந்தது நல்லதுதான் என்றுகூட நினைத்தாள்.

பள்ளம் மிக ஆழமாகும் இடத்தில் கரை மூக்குபோல நீண்டு நின்றது. அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்கள். ரெஜினா டப்பாவைத் திறப்பதற்குள் பென்னி விளிம்புக்குப் போய், இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு கத்தினான்.

“ஓய்!”

எதுவும் திரும்பி வரவில்லை. பஞ்சு மூட்டைக்குள் கத்தியதுபோல அந்தக் குரல் அப்படியே அடங்கிப்போனது.

“சாம்பல்ணே. முழுங்கிடும். எக்கோ எங்கேந்து வரும்?” என்றான் மஹீன்.

பென்னி தோளைக் குலுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான். இட்லி சாப்பிட்டார்கள். மஹீன் தன் தங்கையின் நிக்காஹ் பற்றிப் பேசினான். பென்னி பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“ஓய்!”

கீழேயிருந்து.

பென்னியின் குரல். அதே இழுப்பு. அதே கரகரப்பு.

பென்னி பாட்டிலை இறக்கினான். அவன் தாடையில் தண்ணீர் வழிந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எக்கோ லேட்டா வருது டா!” என்று பென்னிதான் முதலில் சிரித்தான். “நம்ம மின்சார ரயில் மாதிரி.”

மஹீனும் சிரித்தான். ரெஜினாவால் முடியவில்லை. பென்னி எழுந்து மறுபடியும் விளிம்புக்குப் போனான். “ரெஜினா!” என்று நீட்டிக் கத்தினான். “மஹீன்!”

அவள் ஓடிப் போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “பேரச் சொல்லிக் கத்தாத! வா, கெளம்பலாம்.”

“இன்னா ரெஜி, பயந்துட்டியா?”

“ஆமா. பயந்துட்டேன். வா.”

அவள் முகத்தைப் பார்த்த பென்னி பாட்டிலை மூடி வைத்தான். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். வந்த வழியே திரும்பினார்கள். மஹீன் முன்னால் போனான்.

பாதி தூரம் வந்திருப்பார்கள். மேற்குக் காற்று சட்டென்று நின்றது. கம்பிகளின் முனகலும் நின்றதுபோல ரெஜினாவுக்குத் தோன்றியது. ஓர் இலை அசையவில்லை என்று சொல்ல அங்கே இலையும் இல்லை. வேர்வை கழுத்தில் அப்படியே நின்றது. பள்ளத்தின் அடியில், வளைவுக்கு அந்தப் பக்கம், ஒரு வெள்ளைப் புகை மெல்ல எழுந்து நின்றது. ஆள் உயரத்துக்கு. பிறகு பனை உயரத்துக்கு.

பிறகு காற்று வந்தது.

அது ஒரு திசையிலிருந்து வரவில்லை. பள்ளமே மூச்சை இழுத்து வெளியே விட்டதுபோல அடியிலிருந்து மேலே வந்தது. கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த மஹீன் சாம்பலுக்குள் கரைந்து மறைந்தான். கழிமுகம் போனது. சூரியன் ஒரு வெளிறிய வட்டமாகி அதுவும் போனது. ரெஜினா துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டினாள். கைக்குட்டைக்குள் பென்னி இருமத் தொடங்கினான். வறட்டு இருமல். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று.

“குந்திக்கலாம் ரெஜி. அந்தக்கா சொல்லுச்சே.”

அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது மங்கலாகத் தெரிந்தது. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு ஓர் இடத்தில் உட்கார அவளால் முடியவில்லை.

“குந்துனா எல்லாம் நெஞ்சுக்குள்ள தான் போவும். உன்னால தாங்க முடியாது. மெதுவாப் போயிடலாம் பா. கொஞ்ச தூரந்தான்.”

பென்னி பைக்குள் கையைவிட்டு மஞ்சள் நைலான் கயிற்றை எடுத்தான். மலைக்குப் போகும்போதெல்லாம் எடுத்துப் போவது. ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டான். மறு முனையை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

“நான் பாதையக் காலாலத் தடவிக்கினே போறேன். நீ இதப் புடிச்சினு வா. எனக்கு எதுனா ஆச்சுனா இழு. உட்றாத.”

“உடமாட்டேன்.”

கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அவன் இரண்டு அடி எடுத்து வைத்ததும் மறைந்துபோனான். கயிறு மட்டும் வெள்ளைக்குள் நீண்டு போயிற்று.

நடந்தாள்.

கயிறு இழுத்தது, அவள் போனாள். கயிறு தளர்ந்தது, அவள் நின்றாள். முன்னால் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த இருமல் இருக்கும்வரை பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாதாவின் அருள்நிறை மந்திரத்தைப் பாதி சொல்லி, மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். எங்கேயோ தூரத்தில் மஹீன் “வரேண்ணே! வரேன்!” என்று யாருக்கோ பதில் சொல்வது கேட்டது. பென்னி அவனைக் கூப்பிடவே இல்லையே என்று நினைத்தாள்.

இருமல் நின்றது.

“பென்னி?”

பதில் இல்லை. கயிறு ஒரு வெட்டு வெட்டியது. பிறகு விறைத்தது. நேராக இல்லை. இடது பக்கம்.

பள்ளத்தின் பக்கம்.

“பென்னி! எந்தப் பக்கம் போற? வலது பக்கம் வா!”

கயிறு இன்னும் பலமாக இழுத்தது. சுற்றியிருந்த இடத்தில் கையின் தோலை அறுத்தது. அவள் குதிகாலைச் சாம்பலில் ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அந்தப் பக்கம் இருப்பது நடக்கவில்லை. குரல் கொடுக்கவில்லை. துடித்துத் துடித்து, விட்டு விட்டு, அவளை விளிம்பை நோக்கி இழுத்தது.

“ரெஜி.”

பின்னாலிருந்து.

கயிற்றை விடாமல் தலையை மட்டும் திருப்பினாள்; வெள்ளைதான் தெரிந்தது.

“ரெஜி. நான் இங்க கீறேன்.”

பென்னியின் குரல்தான். பதினெட்டு வருஷம் தூக்கத்திலும் கேட்ட குரல். கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, முகம் பார்க்காமல் ஓட்டை வழியே வரும் குரலை வைத்தே ஆளைச் சொல்கிறவள் அவள். தவறு நடக்க வாய்ப்பே இல்லை. அந்தக் குரல் அவள் தோளுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது.

“பின்னாடி எப்டி பா வந்த?” அவள் அழுதாள். “முன்னாடி தானே போன?”

“முடிச்சு அவுந்துடுச்சு ரெஜி. நான் உன்னத் தாண்டி வந்துட்டேன். உனக்குத் தெரியல.”

கயிறு மறுபடி வெட்டியது. அவள் முழங்கால் மடங்கியது. ஒரு முழம் சறுக்கினாள். காலுக்குக் கீழே சாம்பல் மெல்ல இளகுவது தெரிந்தது.

“அப்ப இது யாரு?”

“தெரியல. ஆனா நான் இல்ல. அத உடு ரெஜி. உன்ன உள்ள இழுத்துடும். உடு.”

எவ்வளவு பொறுமையாகச் சொன்னான்! வலி வந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ‘எனக்கு ஒண்ணும் இல்ல, நீ வூட்டுக்குப் போ’ என்று சொன்ன அதே குரலில்.

அவள் கையைப் பிரித்தாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று.

கயிறு அவள் விரல்களை எரித்துக்கொண்டு ஓடியது.

கீழே, மிக ஆழத்தில், மாவு மூட்டையை இறக்கி வைத்ததுபோல ஒரு மெத்தென்ற சத்தம். அதைத் தொடர்ந்து சுவர் சரிகிற நீளமான பெருமூச்சு.

“பென்னி,” என்று அவள் பின்னால் கையை நீட்டினாள். “கையக் குடு.”

யாரும் கொடுக்கவில்லை.

காற்று வந்ததுபோலவே போயிற்று. முதலில் வெயில் தெரிந்தது. பிறகு கழிமுகத்துப் பச்சை. பிறகு பாதை. அவள் திரும்பிப் பார்த்தாள். வந்த வழி முழுவதும் வெறிச்சோடிக் கிடந்தது. சாம்பலில் முன்னால் போன பூட்ஸ் தடங்களின் மேல் அவளுடைய காலடித் தடம் ஒற்றை வரிசையாகப் பதிந்து வந்து அவளிடம் முடிந்தது. அவளுக்குப் பின்னால் வந்து நின்ற தடம் ஒன்றுகூட இல்லை.

முன்னால், அவள் நின்ற இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, விளிம்பு கடித்து எடுத்ததுபோல உடைந்திருந்தது. பென்னியின் பூட்ஸ் தடங்கள் அந்த உடைப்பு வரை போய் நின்றிருந்தன. கீழே புதிதாகச் சரிந்த சாம்பல் மேட்டிலிருந்து மஞ்சள் கயிற்றின் நுனி வெளியே நீண்டு கிடந்தது.

ரெஜினா கத்தினாள். பென்னி, பென்னி என்று கத்தினாள். மஹீன் என்று கத்தினாள். தொண்டை கிழிந்து, குரல் கட்டி, வெறும் காற்றாக வரும் வரை அந்தப் பள்ளத்தைப் பார்த்துக் கத்தினாள். பள்ளம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

மஹீன் ஓடி வந்தான். கயிற்றைப் பார்த்தான். சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கி, வெறுங்கையால் தோண்டத் தொடங்கினான். தோண்டத் தோண்ட மேலேயிருந்து சரிந்தது. சத்தம் கேட்டு மங்கை குப்பத்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு பலகையும் வலையுமாக வந்தாள். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் அவர்கள் பென்னியை மேலே கொண்டு வந்துவிட்டார்கள். அவன் இடுப்பில் கயிறு இருந்தது. முடிச்சு அவிழவே இல்லை. இறுகி, சதைக்குள் பதிந்திருந்தது. வாய் நிறையச் சாம்பல். விளிம்பு உடைந்து பாதி புதைந்து தொங்கியபோதே வாய் அடைத்திருக்கும், கூப்பிட முடிந்திருக்காது என்று தீயணைப்புக்காரர் ஒருவர் யாரிடமோ தாழ்ந்த குரலில் சொன்னார். அது ரெஜினாவின் காதில் விழுந்தது.

கால் இடறி விழுந்து மரணம் என்று போலீசில் எழுதினார்கள். காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ரெஜினாவின் கையிலிருந்த மருந்துக் கட்டைப் பார்த்து, “கடைசி வரைக்கும் புடிச்சிகினு இருந்துச்சு பாவம்” என்றார்கள்.

எல்லோரும் போன பிறகு மஹீனிடம் மட்டும் சொன்னாள். வாசல்படியில் அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நான் கயித்த உட்டேன் மஹீன். தானா நழுவல. நான் உட்டேன். பின்னாடி அவரு கொரலு கேட்டுச்சு.”

அவன் நிமிரவில்லை. “எனக்கும் கேட்டுச்சு அண்ணி” என்றான். “எனக்கு முன்னாடி கேட்டுச்சு. ‘நாங்க தாண்டிப் போயிட்டோம் மஹீன், சீக்கிரம் வா’ன்னு. அதான் ஓடினேன். இல்லாட்டி உங்களோட தான் நின்னுருப்பேன். அண்ணன நான் ஏணிலேந்தே இறக்கினவன். அன்னிக்குப் பள்ளத்துல ஒரு கை புடிச்சிருந்தா…” அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். ரெஜினா அவன் தலையில் கை வைத்தாள். அந்த வீட்டில் அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார முடிந்த ஒரே ஆள் அவன்தான்.

ஆவணி கழிந்தது. அவள் வேலைக்குத் திரும்பினாள். கவுண்டர் ஓட்டை வழியே குரல்கள் வந்தன. எண்ணூர் ஒண்ணு. கும்மிடிப்பூண்டி ரெண்டு. இப்போது அவள் ஒவ்வொரு தடவையும் குனிந்து, கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்த பிறகே டிக்கெட் கொடுத்தாள்.

ஒரு மத்தியானம். ரயில் போய் மேடை காலியாக இருந்தது. சரக்குப் பெட்டிகள் எங்கேயோ இடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும். கண்ணாடிக்கு வெளியே ஒரு நிழல் வந்து நின்றது. தலையில் காலி மீன்கூடை.

“யக்கா. என்னத் தெரிதா?”

ரெஜினா எழுந்து நின்றாள். மங்கை.

“உன் வேலை இங்கன்னு அந்த மஹீன் தம்பி சொல்லிச்சு. அதான் மார்க்கெட்ல யாவாரம் முடிச்சிட்டு அப்டியே வந்தேன். ஒண்ணு கேக்கணும் யக்கா. தப்பா எடுத்துக்காத.” மங்கை கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓட்டைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டு வந்தாள். “நீ அங்க வந்தியா?”

“எங்க?”

“பள்ளத்துக்கு.”

“இல்ல. நான் ஏன் வரேன் அங்க?”

மங்கையின் கண் இமைக்கவில்லை. “அப்ப ரெண்டு மூணு நாளா அங்க நின்னு கத்தறது யாரு? பகல்ல. நாங்க ஓடைல குனிஞ்சு எறா தடவறப்ப கேக்குது. பொம்பள கொரலு. கட்டிப்போன கொரலு. அன்னிக்கு நீ கத்துனியே, அச்சு அசலா அதே கொரலு. மொதல்ல உன் வூட்டுக்காரரு பேரச் சொல்லிச்சு. இப்ப அந்தத் தம்பி பேரச் சொல்லுது.”

ரெஜினாவின் கை தானாகவே செல்போனைத் தேடியது. மஹீனின் எண்ணை அழுத்தினாள். மங்கைக்கும் கேட்கட்டும் என்று மேசை மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தான்.

முதலில் காற்றுதான் வந்தது. போன் முழுவதும் காற்று.

“மஹீன்? எங்க கீற?”

“இன்னா அண்ணி?” அவன் இருமினான். “இதோ வந்துகினே கீறேன். அண்ணன் வியுந்த எடத்துல துவா பண்ணலாம்னு வந்தேன். நீங்களும் வந்துருப்பீங்கன்னு தெரியாது. இரு… இருங்க, காத்து ஏறிடுச்சு. கூப்டறது கேக்குது, ஆளத்தான் தெரில. போன் வேற எதுக்கு அண்ணி? கொரல் குடுங்க, அது போதும்.”

கண்ணாடிக்கு வெளியே மங்கை ஓர் அடி பின்னால் போனாள்.

“மஹீன், நான் சொல்றதக் கேளு. நான் அங்க இல்ல. நான் கொருக்குப்பேட்டைல கீறேன். என் சீட்ல குந்திகினு பேசறேன். நவுராத. அங்கயே குந்து. குந்து மஹீன்!”

காற்று. அவன் மூச்சு.

“அண்ணி, கேலி பண்ணாதீங்க. இதோ, தோ இவ்ளோ கிட்ட…”

“மாதா சத்தியமா சொல்றேன். அது நான் இல்ல!”

அவன் நின்றுவிட்டான். சாம்பலில் புதைந்து வரும் காலடியின் அந்த மெல்லிய சரசரப்பு நின்றதை ரெஜினா கேட்டாள்.

அப்போது அவளுடைய குரலையே அவள் கேட்டாள்.

போனுக்குள்ளிருந்து. காற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. தொண்டை கட்டி, அழுது களைத்து, பாசமாக.

“மஹீன். அந்தப் போன உடு. அதுல பேசறது நான் இல்ல.”

மங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மஹீன்!” என்று ரெஜினா அலறினாள்.

“மஹீன்,” என்று அதுவும் கூப்பிட்டது.

இரண்டு குரலுக்கும் நடுவில் ஒருவன் மூச்சு விடுவது கேட்டது. “அண்ணி,” என்றான் அவன், சிறு பிள்ளைபோல. யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. பிறகு போன் எதிலோ விழுந்தது. மெத்தென்று.

ரெஜினா பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து அறையிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்தார். யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். மங்கை தன் குப்பத்து ஆட்களுக்குப் போன் செய்து, பள்ளத்துக்கு ஓடுங்கடா என்று கத்தினாள். மேசை மேல் கிடந்த போனில் இணைப்பு மட்டும் அறுபடவில்லை. காற்று வீசிக்கொண்டிருந்தது. வீசிக்கொண்டே இருந்தது.

சட்டென்று அடங்கியது.

கதவைச் சாத்தியதுபோல அப்படி ஓர் அமைதி. எல்லோரும் போனைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் யாரோ அதைத் தரையிலிருந்து எடுத்தார்கள். சாம்பலைத் துடைக்கும் சத்தம், மிக அருகில், நிதானமாக.

“அண்ணி,” என்றது மஹீனின் குரல். தெளிவாக இருந்தது. இருமல் இல்லை, படபடப்பு இல்லை.

“மஹீனா?” ரெஜினா குனிந்தாள். வழக்கம்போல முகத்தைப் பார்க்கத் தேடினாள். போனில் கறுத்த கண்ணாடி மட்டும் இருந்தது. “மஹீன், நீதானா?”

“நான் நல்லாத்தான் கீறேன் அண்ணி. இங்க எல்லாரும் நல்லாத்தான் கீறோம்,” என்றது அது. “நீங்க எப்ப வர்றீங்க?”